தொண்டுக்கு மதிப்பெண் வேண்டாம்

சென்ற ஆண்டு மே மாத இறுதியில், ஒரே வாரத்தில், ஏறத்தாழ ஒரே கேள்வியை இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள்.

முதலில் கேட்டவள் நியூஜெர்சியில் குடியிருக்கும் என் அண்ணன் மகள். "சித்தப்பா, பாப்பா ஜூன்ல அங்க வர்றா. மூணு வாரம் இருப்பா. ஏதாவது ஒரு டிரஸ்ட்டுல சேத்து விடுங்க. ஆஸ்பத்திரி வேண்டாம், அதெல்லாம் இங்கயே பாத்துட்டா. ஆஸ்பத்திரி அல்லாத சேவைதான் வேணும். கடைசியில லெட்டர்ஹெட்டுல எத்தன மணி நேரம்னு போட்டு ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடுத்துடுங்க" என்றாள். பேத்தி அங்கே இளநிலைப் பட்டம் படிக்கிறாள். அடுத்து மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, கோபிசெட்டிபாளையத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கும் என் பழைய மாணவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த மாணவி அம்மாதத் தொடக்கத்தில்தான் நீட் தேர்வை முதன்முறையாக எழுதியிருந்தார். விடைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்பது தெரிந்துவிட்டது. கோவையில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து ஓராண்டு படித்து மீண்டும் எழுதுவதாக முடிவு. எல்லாம் பேசி முடித்து எழும்போது அவர் கேட்டார்: "ஐயா, ஒரு வருசம் பூரா புஸ்தகத்தோடயே இருக்கோணுங்களா? வாரத்துல ஒரு நாள் யாருக்காச்சும் உபயோகமா ஏதாச்சும் செய்யலாமுங்களா?" தந்தை என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்பது அந்தப் பார்வையின் பொருள்.

ஒருத்தி கேட்டது, தொண்டு செய்தால்தான் இடம் கிடைக்கும் என்ற நாட்டிலிருந்து. மற்றவர் கேட்டது, தொண்டு செய்தால் இடம் போய்விடுமோ என்று அஞ்சும் நாட்டிலிருந்து. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்த இரு நாடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை எனக்கு வந்ததில் வியப்பில்லை.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் ஒரு மாணவர் தம் செயல்பாடுகளாக 15 வரை குறிப்பிடலாம். அவற்றுள் 3-ஐத் தமக்கு மிகவும் பொருளுள்ளவை என்று சுட்டி, கூடுதலாகச் சில வரிகள் எழுதலாம். சமூகத் தொண்டு என்பதிலேயே மருத்துவம் சார்ந்தது, சாராதது என இரு வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று எழுத வேண்டும். நோக்கம் நல்லதுதான். நோயாளியின் உடலைத் தவிர வேறெதையும் அறியாதவர் மருத்துவராகிவிடக் கூடாது என்ற கவலை அதில் இருக்கிறது. ஆனால் விளைவு என்ன? கோவைக்கு வரும் விமானச் சீட்டோடு ஒரு சான்றிதழும் தேவைப்படுகிறது.

மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்று, வேலைச் சந்தையில் கல்விப் பட்டம் ஓர் அடையாளச் செய்தியாக எப்படிச் செயல்படுகிறது என்பதை விளக்கியது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுவே அடிப்படை. அதன் சாரம் எளியது. ஓர் அடையாளம் நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமென்றால், அந்தப் பண்பு உள்ளவருக்கு அதைப் பெறுவது எளிதாகவும் இல்லாதவருக்குக் கடினமாகவும் இருக்க வேண்டும். தொண்டு மணி நேரத்தை இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். அதை எளிதில் பெறுபவர் இரக்கமுள்ளவர் அல்லர். ஓய்வு நேரமும் அதற்குரிய வசதியும் உள்ளவர். பள்ளி விட்டு வந்ததும் சோமனூரில் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் பெண்ணும், விடியலில் இரண்டு எருமைகளைக் கறந்துவிட்டுப் பேருந்து பிடிக்கும் அந்தியூர்ப் பையனும், படுக்கையில் கிடக்கும் ஆத்தாவைக் குளிப்பாட்டிவிட்டுப் படிக்க உட்காருபவரும் எந்த லெட்டர்ஹெட்டிலும் இடம்பெற மாட்டார்கள். அவர்கள் செய்வதற்குத் தொண்டு என்று பெயரில்லை, வீட்டு வேலை என்று பெயர்.

இந்தச் சோதனையைத் தமிழ்நாடு செய்து பார்க்காமலும் இல்லை. இன்றைய மாணவர்களுக்குத் தெரியாது. பெற்றோரில் பலருக்கும் தெரியாது. நுழைவுத் தேர்வு 1984-இல் வருவதற்கு முந்தைய காலத்தில், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணலுக்குத் தனி மதிப்பெண் இருந்தது. 1970-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பெரியகருப்பன் வழக்கில் இது விரிவாகப் பேசப்பட்டது. அப்போது நேர்காணலுக்கு 75 மதிப்பெண். விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பாடத்துக்குப் புறம்பான சிறப்புச் சேவைகள், உடல்வலிமை, பொதுத்திறன், மருத்துவத்துக்கு ஏற்ற மனப்பாங்கு ஆகிய தலைப்புகளில் அவை வழங்கப்பட வேண்டும் என்பது விதி. நடந்தது வேறு. தலைப்பு வாரியாகப் பிரிக்காமல் மொத்தமாக ஒரு மதிப்பெண்ணைப் போட்டுவிட்டார்கள். அது சட்டப்படி செல்லாது என்றது நீதிமன்றம். சேவை மனப்பான்மையை அளக்கச் சொல்லி உட்காரவைத்தால், அளக்கத் தெரியாத மனிதர்கள் முகத்தைப் பார்த்து ஓர் எண்ணைப் போடுவார்கள். அவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய தேவையே இல்லை.

இதை இப்போது நினைவூட்டக் காரணம் இருக்கிறது. நீட் வேண்டாம் என்று சொல்லும் மாநிலத்தில், அதற்கு மாற்று என்ன என்ற பேச்சு ஓயவில்லை. 180 கேள்விகளையும் 720 மதிப்பெண்களையும் வைத்து ஒரு மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று மேடையில் கேட்டால் கைதட்டல் கிடைக்கிறது. நானும் கைதட்டுவேன். உடனே அடுத்த வரியாக, சமூகச் சேவைக்கும் ஒரு பங்கு மதிப்பெண் கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அங்கேதான் என் கை நின்றுவிடும்.

மாணவர்களை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இஸ்ரேலில் பள்ளி மாணவர்கள் வீடுவீடாகச் சென்று அறப்பணிகளுக்கு நன்கொடை திரட்டும் நாள் உண்டு. யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரு பொருளியலாளர்கள் அம்மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வெறும் பேச்சால் ஊக்கம். அடுத்த பிரிவுக்குத் திரட்டும் தொகையில் 1 விழுக்காட்டை ஊக்கத்தொகையாகத் தருவதாகச் சொன்னார்கள். மூன்றாவது பிரிவுக்கு 10 விழுக்காடு. ஊக்கத்தொகை நன்கொடையிலிருந்து எடுக்கப்படாது, ஆய்வாளர்களே தருவார்கள். மிகுதியாகத் திரட்டியது எந்தப் பிரிவு? ஒரு காசும் பெறாத முதல் பிரிவு. 1 விழுக்காட்டுப் பிரிவு கடைசி. 2000-ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவர் சிரிப்பார். அற்பக் கூலி, கூலி இல்லாததைவிட மோசம் என்பது கொங்கு நாட்டில் பண்ணையம் பார்த்த எவருக்கும் தெரிந்ததுதானே.

இங்கே என் பங்குக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காந்தி நூற்றாண்டையொட்டி 1969-இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் நான் சில ஆண்டுகள் அலுவலராக இருந்தேன். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளுக்கு 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம். இவற்றை முடித்தவருக்குச் சான்றிதழ். முடிக்காதவர் பலருக்கும் நான் கையொப்பமிட்டிருக்கிறேன். முகாமுக்கு முதல் நாள் வந்து, கடைசி நாள் குழுப்படத்துக்கு வந்தவர்களுக்கும் இட்டிருக்கிறேன். மாணவர்களின் எதிர்காலம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், மறுப்பதால் வரும் தொல்லையைவிடக் கையொப்பம் எளிதாக இருந்தது. மணி நேரத்துக்கு ஒரு விலை வந்துவிட்டால், கள்ள மணி நேரத்தை அச்சடிக்கும் ஆளும் வந்துவிடுவார். அந்த ஆள் நானாக இருந்தேன்.

ஆகவே, கோபியிலிருந்து வந்த மாணவியிடம் நான் சொன்னது இது: உங்களுக்கு இதனால் ஒரு மதிப்பெண்ணும் கிடைக்காது, அதனால்தான் செய்யலாம். தந்தைக்கு இது பிடிக்கவில்லை. அவருடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களுள் முந்தைய ஆண்டுகளில் பள்ளியை முடித்துவிட்டு மீண்டும் முயன்றவர்களின் பங்கு, நீட்டுக்கு முந்தைய 2016-17-இல் ஏறத்தாழ 12 விழுக்காடு. 2020-21-இல் 71 விழுக்காடு. அதாவது, பதினெட்டு வயதில் ஓராண்டையோ ஈராண்டையோ முழுமையாகப் பயிற்சி மையத்துக்கு ஒப்படைப்பதே இன்று வழக்கமான பாதை. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளைப் பிராய்லர் பள்ளிகள் என்று நாம் கேலி செய்து பல காலமாயிற்று. இப்போது அந்தக் கூண்டு பள்ளிக்குப் பிறகும் நீள்கிறது. பிறகு ஐந்தரை ஆண்டு மருத்துவப் படிப்பு. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிறகு, மாணவர்கள் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து சென்று பார்க்கும் திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்தில் சேர்த்திருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அந்த வீட்டுக்குள் நுழையும்போதே அவர் வெள்ளை அங்கி அணிந்துவிட்டார். பாயைத் தட்டிப்போட்டு "உக்காருங்க டாக்டர்" என்பார்கள். டாக்டராக அல்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழையக்கூடிய கடைசி ஆண்டுகள் இவைதாம்.

என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். கோவையில் வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. 2017 முதல் ஞாயிறுதோறும் குளக்கரைகளில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் குப்பை அள்ளும் தன்னார்வலர்களை இந்த ஊர் நன்றியோடு பார்க்கிறது. ரத்ததான முகாம், மரக்கன்று நடுதல், அன்னதானம் எல்லாம் உண்டு. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் மருத்துவராக விரும்புபவருக்கு நான் குளத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். குளம் எதிர்த்துப் பேசாது. நம்மைச் சார்ந்தும் நம்மைச் சகித்துக்கொண்டும் இருக்கும் ஒரு மனிதர் எதிரில் வேண்டும். நாம் வராத நாளில் அவருக்கு அது தெரிய வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பேத்தி வந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டேன். கணபதிப் பகுதியில் பவுண்டரிகளிலும் லேத் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் பீகார், ஒடிசா தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் மாலை வகுப்பு நடத்துகிறார். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம் என மூன்றுக்கும் நடுவில் தடுமாறும் பிள்ளைகள். பேத்தியை அங்கே கொண்டுபோய்விட்டேன். நல்ல பெண். பாட்டும் படமுமாக ஆங்கிலம் கற்பித்தாள். முதல் வாரம் யார் யார் என்ன வகுப்பு என்று தெரிந்துகொள்வதிலேயே போயிற்று. இரண்டாவது வாரம் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் விமானம். அடுத்த திங்கட்கிழமை, எட்டு வயதுப் பையன் ஒருவன், அவள் எழுதிவரச் சொன்ன நோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறான்.

தலைமையாசிரியை என்னிடம் கடுமையாகவே சொன்னார்: "மூணு வாரத்துக்கு இனிமே யாரையும் கூட்டிட்டு வராதீங்க சார். வந்தா ஒரு வருசம் வரோணும். இல்லாட்டி நோட்டு வாங்கிக் குடுத்துட்டுப் போயிடோணும்." கணக்குப்படியும் அவர் சொல்வதே சரி. புதிதாக வரும் தன்னார்வலருக்குச் சொல்லிக்கொடுக்கவும் கூடவே இருந்து பார்க்கவும் அமைப்பில் இருப்பவர்களின் நேரம் செலவாகிறது. முதல் சில வாரங்களில் அவர் கொடுப்பதைவிட எடுப்பது கூடுதல். அந்தக் கடன் அடைந்து வரவு தொடங்கும் நேரத்தில் அவர் கிளம்பிவிட்டால், தொண்டு பெற்றவர் அவர்தாம். சான்றிதழில் 27 மணி நேரம் என்று அம்மையார் உள்ளபடி எழுதிக் கொடுத்தார். அண்ணன் மகள் அதை 50 ஆக்க முடியுமா என்று கேட்டாள். நான் அந்தக் கேள்வியை அம்மையாரிடம் கொண்டுபோகவில்லை. அந்த அளவுக்காவது திருந்தியிருக்கிறேன்.

பேத்தியைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் அநியாயம். இவ்வாண்டு விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டு எனக்கு அனுப்பியிருந்தாள். பொருளுள்ளவை என்று அவள் சுட்டிய மூன்றில் கோயம்புத்தூர் இல்லை. அவர்கள் ஊர்ப் பொது நூலகத்தில் இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் புத்தகங்களை அலமாரியில் அடுக்கியதை எழுதியிருந்தாள். "அப்பிச்சி, அந்தப் பையன் நோட்ட யாராவது திருத்துனாங்களா?" என்று கீழே ஒரு வரி.

கோபி மாணவிக்கு நான் காட்டிய வேலை, தேர்வில் சொல்வதை எழுதுவது. பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் விடைகளைச் சொல்லச் சொல்ல, உடனிருந்து எழுத ஒருவர் வேண்டும். தேர்வர் தாமே அழைத்துவரும் எழுதுபவரின் கல்வித்தகுதி தேர்வருடையதைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் கூறியது. ஒவ்வொரு மணிக்கும் 20 நிமிடம் ஈடுநேரம் உண்டு. ஆகவே கலைக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு படிக்கும் இம்மாணவர்கள் ஒவ்வொரு பருவத்தேர்வின்போதும் பிளஸ் டூ முடித்தவர்களைத் தேடி அலைகிறார்கள். மூன்று மணி நேரத் தேர்வென்றால் நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். வார நாள் காலையில் அப்படி யார் வருவார்கள்? தேர்வுக்கு முதல் நாள் இரவு, வருவதாகச் சொன்னவர் தொலைபேசியை அணைத்துவிட்டார் என்று கண்ணீரோடு வந்து நின்ற மாணவர்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பெரிய நகரத்தில், ஆயிரக்கணக்கில் பிளஸ் டூ முடித்தவர்கள் பயிற்சி மையங்களில் உட்கார்ந்திருக்கும் நகரத்தில், இது நடக்கிறது.

அவர் இளங்கலை வரலாறு படிக்கும் ஒரு மாணவருக்கு எழுத ஒப்புக்கொண்டார். ஞாயிறு மாலைகளில் ஒரு மணி நேரம் பாடங்களை வாசித்துக் காட்டினார். நவம்பரில் ஐந்து தாள்கள் எழுதினார். பயிற்சி மையத்தில் ஐந்து நாள் விடுப்புக்குத் தந்தையின் கையொப்பம் வேண்டியிருந்தது. தந்தை இட்டார், முணுமுணுத்துக்கொண்டே.

இரண்டாம் தாள் முடிந்த அன்று மாலை மாணவி என்னைப் பார்க்க வந்தார். முகம் சரியாக இல்லை. வேலூர்ப் புரட்சி பற்றிய கேள்விக்கு அந்த மாணவர் 1807 என்று சொல்லியிருக்கிறார். அது 1806 என்று இவருக்குத் தெரியும். பேனா ஒரு நொடி நின்றதாம். "அவுங்க சொன்னதத்தான் எழுதுனேனுங்க ஐயா. தெரிஞ்சே தப்பா எழுதிட்டு வந்திருக்கேன். செஞ்சது சரிங்களா?" என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சரியான விடையை விரைவாக எழுதுவதற்கே பழக்கப்பட்ட ஒரு கை, இன்னொருவரின் சொல்லை அவர் சொன்னபடியே எழுதிய முதல் நாள் அது. இந்த வயதில் நானும் மருத்துவர்களிடம் அடிக்கடி போகிறவன். பெரும்பாலும் நான் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்குமுன் அவர்கள் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்; நான் சொல்லாத ஏதோ ஒன்றை. மாணவியிடம் இதைச் சொன்னேனா என்று நினைவில்லை. சரிதான் என்று மட்டும் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் பருவத்தேர்வு நீட் தேர்வுக்கு மிக நெருக்கமாக வரும். அதற்கு வர இயலாது என்பதை அவர் ஜனவரியிலேயே அந்த மாணவரிடம் சொல்லிவிட்டார். சொன்னதோடு விடவில்லை. விடுதியில் உடன் தங்கியிருந்த பெண்ணொருத்தி நீட் வேண்டாமென்று வேளாண்மைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க முடிவு செய்து, கொஞ்சம் ஓய்வாக இருந்தாள். அவளை இரண்டு ஞாயிறு உடன் அழைத்துச் சென்று, பழைய வினாத்தாளை வைத்து எப்படி வாசிப்பது, எங்கே நிறுத்துவது, எப்போது வாய் திறக்கக் கூடாது என்று பழக்கிவிட்டுத் தம் படிப்புக்குத் திரும்பினார்.

மார்ச் மாதம் அந்த வரலாற்று மாணவரை உக்கடம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். என் குரலைக் கேட்டதும் கைகூப்பினார். ஏற்பாடு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

"புதுசா வர்ற பொண்ணு கொஞ்சம் வேகமா படிக்குதுங்க சார்" என்றார். "பரவாயில்லீங்க, பழகிக்கும்."